மூங்கில் வீட்டுக் காவற்காரர்

சென்ற முறை இந்தப் பகுதியில் தூக்கணாங்குருவியின் கூட்டைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த ஒரு சகோதரி மதுரையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். "எப்போது பார்த்தாலும் பறவைகளையே புகழ்ந்துகொண்டிருக்கிறீர்களே! வீடு கட்டத் தெரியாமல், முட்டையைக் குட்டையில் போட்டுவிட்டு ஓடிப்போகும் தவளை போன்ற ஜந்துக்களுக்கு உங்கள் பகுதியில் இடம் கிடையாதோ?" என்று கேட்கிறார். கேலியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆயினும் அந்தக் கேள்வி நமக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனெனில், தவளை என்றால் அவ்வளவுதான் என்ற அபிப்பிராயத்தில் நாமும் வெகு காலம் இருந்தவர்கள். அதனால் ஒரு சிறுவனுக்கு அநியாயம் செய்தவர்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிப்பது நமது ஜீவனம். 2022-ஆம் ஆண்டில் ஒரு பரீட்சையில், தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை விவரிக்கும்படி ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினாக் கொடுத்திருந்தோம். முட்டை, தலைப்பிரட்டை, வால் மறைதல், கால் முளைத்தல் என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரியாக எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் இவற்றையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் நான்கு வரி சேர்த்திருந்தான். "எங்கள் ஊரில் ஒரு பச்சைத் தவளை உண்டு. அது தண்ணீரில் முட்டை இடாது. மூங்கிலுக்குள் இடும். அதற்குத் தலைப்பிரட்டை கிடையாது. குஞ்சுத் தவளையாகவே வெளியே வரும். பெரிய தவளை ஒன்று கூடவே காவல் இருக்கும்." இதுதான் அவன் எழுதியது. நாம் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்து, "கற்பனை வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதினோம்.

விடைத்தாளைக் கையில் வாங்கியவன் தன் இடத்துக்குப் போகாமல் மேஜையருகிலேயே நின்றான். "சார், நான் பார்த்திருக்கேன்" என்றான். எங்கே பார்த்தாய் என்று கேட்டோம். மாஞ்சோலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவன் குடும்பம் இருந்தது. அவன் பாட்டி கூடை முடைவதற்காக மூங்கிலைப் பிளந்தபோது உள்ளே இருந்ததாம். பாட்டி பயந்து போய், பிளந்த மூங்கிலை மறுபடியும் சேர்த்து நாரால் கட்டிப் புதரிலேயே வைத்துவிட்டு வந்தாளாம். "பாட்டி சொன்ன கதையா, நீ பார்த்ததா?" என்றோம். வகுப்பு சிரித்தது. பையன் போய் உட்கார்ந்தான். விலங்கியலில் பட்டம் பெற்ற நமக்குத் தெரியாத தவளையா லயத்துச் சிறுவனுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்ற கர்வம் அன்று நம்மிடம் இருந்தது என்பதை ஒளிப்பதற்கில்லை.

ஆனாலும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பாட்டி மூங்கிலைச் சேர்த்துக் கட்டினாள் என்றானே, அந்த ஒரு விஷயம் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. பொய் சொல்லுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு விவரம் தோன்றாது. மறுநாள் முதல் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் மதுரைச் சகோதரிக்கும் மற்ற நேயர்களுக்கும் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

அந்தத் தவளைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ராவோர்கெஸ்டிஸ் சலாசோடிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதற்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன. 'சலாசோடிஸ்' என்பது கிரேக்கச் சொல். ஆலங்கட்டி போன்றது என்று பொருள். பச்சை உடம்பில் வெண்புள்ளிகள் தெளித்திருப்பதைக் கண்டு அந்தப் பெயரை வைத்தவர் குந்தர் என்னும் அறிஞர். லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருந்த அவர், திருவாங்கூரிலிருந்து போய்ச் சேர்ந்த மாதிரியைப் பார்த்து 1870-களில் அதை வர்ணித்தார். சாராயத்தில் ஊறிய தவளையின் உடலை அவர் பார்த்தார். அது எங்கே வாழ்ந்தது, எப்படிக் குஞ்சு பொரித்தது என்பதையெல்லாம் ஜாடி சொல்லவில்லை.

'ராவோர்கெஸ்டிஸ்' என்பதன் முதற்பகுதி நம் நாட்டவர் ஒருவருடைய பெயர். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் கற்பித்த சி. ஆர். நாராயண ராவ் அவர்கள்தாம் அவர். 1932-இல் தொடங்கிய 'கரண்ட் ஸயன்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையின் முதல் ஆசிரியரும் அவரே. நம் நாட்டுத் தவளைகளை நம் நாட்டிலேயே உட்கார்ந்து ஆராய்வது அபூர்வமாக இருந்த காலத்தில், தென்னாட்டுத் தவளைகளில் பல புதிய இனங்களை 1937-இல் அவர் வெளியிட்டார். அவர் வைத்துவிட்டுப் போன மாதிரிகள் பின்னாளில் காணாமற் போயின. லண்டனுக்குப் போன தவளை பத்திரமாக இருக்கிறது. பெங்களூரில் இருந்தவை இல்லை! இதைப் பற்றி நமக்கு எழுகிற ஆத்திரத்தை எழுதினால் பகுதி முழுவதும் அதற்கே போய்விடும். 2010-இல் இந்தப் புதர்த்தவளைக் குடும்பத்தில் ஒரு புதிய கிளையை வகுத்தபோது, அதற்கு நாராயண ராவின் பெயரைச் சூட்டினார்கள். எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் இன்று அந்தக் கிளையில் அடங்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை.

நமது மூங்கில் தவளை குந்தருக்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அற்றுப் போயிருக்கலாம் என்றே பலர் நினைத்தார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். டி. பிஜு முதலியவர்கள் காணாமற்போன தவளைகளைத் தேடும் முயற்சியில் இறங்கி, இதையும் கண்டதாக 2011-இல் அறிவித்தார்கள். ஒளிரும் பச்சை உடல், சாம்பல் நீலத் தொடை, பொன் தெளித்த கரிய கண் என்று அதன் அழகைப் பத்திரிகைகள் வர்ணித்தன. உருவம் என்னவோ ஓர் அங்குலந்தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நூறு ஆண்டுகளும் அது எங்கே ஒளிந்திருந்தது? பாட்டி பார்த்த இடத்தில்தான்!

பொதிகை மலைச் சாரலிலும் அதைச் சுற்றிய காடுகளிலும், ஓடைக்கரைகளையும் ஈரச் சரிவுகளையும் அடைத்துக்கொண்டு நாணல் மூங்கில் வளருகிறது. மலையாளத்தார் இதை 'ஈற்ற' என்பர். யானை கட்டும் பெருமூங்கில் அல்ல இது, சன்னமானது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு அடிக்குக் குறையாத நீளம் இருக்கும். சுவர் மெலிது, உள்ளே வெற்றிடம். புல்லாங்குழல் செய்பவன் கண்ணில் பட்டால் விடமாட்டான். இந்தக் குழாய்களிற் சிலவற்றின் அடிப்பக்கத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சிறு பிளவு போன்ற துவாரம் இருக்கும். தவளைக்குத் துளைபோடும் பல்லும் இல்லை, நகமும் இல்லை. பூச்சியோ எலியோ போட்ட துவாரம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். நம்முடைய விரல் நுழையாத அந்த வழியில், தவளை உடலைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

துவாரம் அடியில் இருப்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு. மேலே இருந்தால் மழை நீர் நிறைந்து குழாய் ஒரு சிறு தொட்டியாகிவிடும். அடியில் இருப்பதால் நீர் தங்குவதில்லை. ஈரம் மட்டும் தங்குகிறது. தவளைக்குத் தோலும் ஒரு மூக்குத்தான். ஈரம் வற்றினால் மூச்சு வற்றும். வெளியே காற்றும் வெயிலும் எப்படி அடித்தாலும், குழாய்க்குள்ளே எப்பொழுதும் மார்கழி விடியற்காலைதான்.

முதலில் வீடு பிடிப்பது ஆண் தவளை. பிடித்த வீட்டுக்குள் இருந்துகொண்டே குரல் கொடுக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்று நம்மவர் சொல்வார்கள். இந்தத் தவளையோ தன் வாயால் குடும்பம் நடத்துகிறது! குரல் கேட்டுப் பெண் தவளை அதே சந்து வழியாக உள்ளே வருகிறது. குழாயின் உட்சுவரில் ஐந்து முதல் எட்டு முட்டைகள் வரை இடுகிறது. அத்துடன் தன் வேலை தீர்ந்ததென்று வெளியேறிவிடுகிறது.

ஐந்தா, எட்டா! குளத்துத் தவளை நூற்றுக்கணக்காக, ஆயிரக்கணக்காக இடுமே என்று நேயர்கள் வியக்கலாம். குளத்துத் தவளையின் முட்டை சின்னது. அதனுள் சாப்பாடு கொஞ்சம். சீக்கிரமே தலைப்பிரட்டையாகி வெளியே வந்து, பாசியைத் தின்று பிழைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் பிறந்தால் மீனுக்கும் பூச்சிக்கும் நாரைக்கும் போகச் சில மிஞ்சும். மூங்கில் தவளையின் முட்டைக்குள் மஞ்சட்கரு நிறைய இருக்கிறது. கட்டுச்சோறு கட்டி அனுப்பின மாதிரி! அந்த உணவைக்கொண்டே குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ந்து, வாலும் சுருங்கி, நான்கு காலும் பெற்று, சில வாரங்களில் முழுத் தவளையாக வெளிப்படுகிறது. தலைப்பிரட்டை என்ற பருவம் தண்ணீரிலே நீந்தவே இல்லை. சிறுவன் எழுதின இரண்டாவது வரி இது. நாம் அடித்ததும் இதைத்தான்.

நம் பாடப்புத்தகங்களின் மேல் கொஞ்சம் பழி போடலாம். குளத்துத் தவளையைப் பார்த்து எழுதின பாடம் தலைமுறை தலைமுறையாக ஒரு புத்தகத்திலிருந்து மற்றொன்றுக்கு இறங்கி வந்திருக்கிறது. அது பொய்யல்ல, நம் ஊர்க் குளத்திலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தவளை என்றாலே அதுதான் என்று படித்தோம், அப்படியே கற்பித்தோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் மலையில் வேறு மாதிரி நடப்பதை எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் புத்தகம் பொறுப்பல்ல.

இனிக் காவற்காரர் விஷயத்துக்கு வருவோம். சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்ட் என்ற மூவர், மூங்கிலுக்குள் நடக்கும் இந்தக் குடும்ப வாழ்க்கையை 2014-இல் முதன்முதலாக உலகுக்கு வெளியிட்டார்கள். இவர்களில் சேஷாத்ரி, களக்காடு முண்டந்துறைக் காட்டில் மழையில் நனைந்துகொண்டு மேலும் பல காலம் ஆராய்ந்தார். வயிற்றுக்குள் பார்க்க வைத்தியர்கள் குழாய்க் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதைப்போன்ற ஒன்றைத் துவாரத்தில் செலுத்தி, மூங்கிலைப் பிளக்காமலே உள்ளே பார்க்க முடிந்தது. பார்த்தால், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருப்பது தாயல்ல, தந்தை! பகலிலும் இரவிலும் பெரும்பாலான நேரம் அது அங்கேயே இருக்கிறது. மாலையில் சிறிது நேரம் வெளியே போய் வருகிறது. இரை தேடுவதற்காக இருக்கவேண்டும்.

எதற்காக இந்தக் காவல்? முட்டை காய்ந்துவிடாமல் காக்கவா? எறும்பு வராமலா? காளான் பிடிக்காமலா? இதை அறிய ஒரு பரீட்சை செய்தார்கள். சில வீடுகளில் தந்தையை அப்புறப்படுத்தினார்கள். சில வீடுகளில் இருக்கவிட்டார்கள். தந்தையில்லாத வீடுகளில் முட்டைகள் மிக அதிகமாக அழிந்தன. அழித்த பகைவன் யார் என்பதுதான் திடுக்கிடச் செய்யும் சேதி. பெரும்பாலும் அது பாம்பும் அல்ல, பூச்சியும் அல்ல. அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் ஆண் தவளை! காவல் இல்லாத வீட்டுக்குள் அது நுழைந்து, முட்டைகளைத் தின்றுவிடுகிறது.

2018-இல் இந்த முடிவுகள் வெளியாயின. வந்தவனுக்கு என்ன லாபம் என்று நாம் யோசித்துப் பார்த்தோம். துவாரமுள்ள மூங்கிற்கணு காட்டில் எங்கும் கிடைக்கிற பொருளல்ல. வீடுமாயிற்று, விருந்துமாயிற்று என்பது நமது ஊகம். தந்தை வீட்டில் இருந்தால் இதெல்லாம் நடவாது. அயலான் வரும்போது குரலை மாற்றி அதட்டும். அதற்கும் அடங்காவிட்டால் பாய்ந்து மோதும். ஓர் அங்குல உடம்புக்கு எவ்வளவு கோபம் கொள்ளுமோ அவ்வளவும் கொள்ளும். அப்படிப்பட்ட தந்தையே நாளைக்குப் பிள்ளையில்லாத சமயத்தில் பக்கத்து வீட்டு முட்டையைத் தின்னக் கூடியதுதானோ என்று நம் வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இந்த ஜீவன் வேண்டுவது குளமல்ல, வாய்க்காலல்ல. ஈரமான காட்டில், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், அடியில் துவாரம் விழுந்த ஒரு மூங்கிற்கணு. அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதற்குச் சக்தி கிடையாது. மூங்கில் வளர்ந்து, முற்றி, யாரோ ஒரு பூச்சி வந்து துளைத்து, அந்தத் துளை அதற்குப் பொருந்தியும் இருக்க வேண்டும். நாணல் மூங்கிலோ மனிதனுக்கும் மிகவும் வேண்டிய பொருள். பாயும் கூடையும் முறமும் அதில்தான். கேரளத்தில் அதைப் பின்னிப் பிழைக்கும் குடும்பங்களுக்காக 1971-இல் சர்க்காரே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. காகிதக் கூழுக்காகவும் அந்த மூங்கிலை வண்டி வண்டியாக வெட்டினார்கள். நாம் எழுதுவது காகிதத்தில். நேயர்கள் படிப்பதும் காகிதத்தில். ஆகையால் இந்த இடத்தில் குரலை உயர்த்தக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். பாட்டி ஒரு கூடைக்கு வெட்டினாள். தவளையைக் கண்டதும் கட்டி வைத்தாள். கூலிக்கு வெட்டுகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று கணக்கு. அவன் எந்த மூங்கிலின் அடியைத் தடவிப் பார்ப்பான்?

திருநெல்வேலிப் பக்கத்து மலையில் இந்தத் தவளைக்கு ஓர் அதிருஷ்டம். களக்காடு முண்டந்துறைக் காடு 1988-இல் புலிகள் காப்பகமாயிற்று. புலிக்காக விதித்த கட்டுப்பாடு தவளைக்கும் நிழலாயிற்று. ஆனாலும் 2014-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தபோது, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலேயே அது இருந்தது.

பையனுக்கு என்ன செய்தோம் என்று நேயர்கள் கேட்பார்கள். ஒரு வாரம் கழித்து விடைத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கினோம். "கற்பனை வேண்டாம்" என்ற சொற்களைக் கோடிட்டு அடித்து, இரண்டு மதிப்பெண்ணையும் போட்டு, வகுப்பின் முன்னால் அந்த நான்கு வரியையும் நாமே படித்தோம். காவல் இருப்பது தந்தைத் தவளை என்ற விஷயத்தை நாம் சேர்த்துச் சொன்னபோது, அவன் மட்டும் எழுந்து, "அப்பாவா சார்? பாட்டி அம்மான்னுல்ல நெனச்சுது!" என்றான். இம்முறை சிரித்த வகுப்போடு அவனும் சிரித்தான்.

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், காட்டிலாகாவின் அனுமதி பெற்று ஒருநாள் மேலே போனோம். பையன் வழிகாட்டினான். சாயங்காலம்; மேகம் இறங்கித் தேயிலைச் செடிகளை மூடிக்கொண்டிருந்தது. தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஓடையோரம் ஒரு மூங்கிற்புதர். அட்டை ஏறிய காலை உதறிக்கொண்டே போய் நின்றோம். பாட்டியும் வந்திருந்தாள். நம்மைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாத்தியாரையா இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றாள். பார்க்க ஒன்றுமில்லை, பச்சைத் தண்டுகளும் பழுப்பு இலைகளுந்தாம். பையன் ஒவ்வொரு தண்டாகக் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டு போனான். ஓரிடத்தில் நின்று கையைக் காட்டினான். நெல்மணி இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல ஒரு சிறு பிளவு. தண்டில் காதை வைக்கச் சொன்னான். வைத்தோம். முதலில் நம் நாடித் துடிப்புத்தான் கேட்டது. பிறகு, உள்ளேயிருந்து மெல்லியதாக ஒரு தட்டல். சற்றுப் பொறுத்து மற்றொன்று.

"உள்ள ஆள் இருக்கு சார்" என்றான் பையன், குரலைத் தாழ்த்தி.

பிறகு 2024-இல் தோட்டத்தில் வேலை நின்றது. பல குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கின. பையன் வீடும் அவற்றில் ஒன்று. இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். பாட்டி கூடை முடைவதில்லை. மூங்கில் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லையாம். மழை பெய்கிற நாட்களில், மேலே அந்தப் புதர் எப்படி இருக்கிறதோ என்று பையன் நம்மிடம் கேட்கிறான். அடுத்த ஆடியில் மறுபடியும் அனுமதிக்கு எழுதிப்போட்டிருக்கிறோம். இந்த முறை மூவருக்கு.